வருகிற பிசியோ மாணவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பிசியோதெரபி மாணவர்கள் நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு நிற்கும் படங்கள் பத்திரிகைகளிலும் பேஸ்புக்கிலும் அடிக்கடி வருகின்றன. படத்துக்குக் கீழே சேவை, மனிதநேயம் என்று நாலு வரி இருக்கும். அந்த மாணவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பிள்ளைகளோடு இருக்கிறவள் நான். அதனால் அந்த நாலு வரியில் வராத சில விஷயங்களை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

ஹட்டன் பக்கம் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஒரு பகல்நேர நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் அநேகம் பேர் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் இருக்கிறார்கள், முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், என்ன வருத்தம் என்று இன்னும் யாரும் சொல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பல இடங்களிலிருந்து மாணவர்கள் வந்து போகிறார்கள். இரண்டு கிழமை, நாலு கிழமை, கூடினால் இரண்டு மாதம். எனக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும் என்பதால் தாய்மாருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று பேசுவது பெரும்பாலும் நான்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வரக்கூடாது என்று இதை எழுதவில்லை. வரட்டும். அவர்களால் எங்கள் பிள்ளைகளுக்கு நடந்த நல்லதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நாலு வயதுப் பையன் ஒருவனுக்கு மாதம் தவறாமல் நெஞ்சுச்சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி வார்டு. அவன் அம்மா அவனை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து கஞ்சியை ஊற்றுவார். துப்பாமல் உள்ளே போகட்டும் என்றுதான் அப்படிச் செய்தார், அவருக்கு வேறு மாதிரி யாரும் காட்டியதில்லை. கடைசி வருடம் படிக்கிற ஒரு மாணவி வந்திருந்தார். அவர் அன்றைக்குப் பையனுக்கு ஒரு பயிற்சியும் செய்யவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவர் ஊட்டுவதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அம்மாவின் ஒரு காலுக்குக் கீழே பலகைத் துண்டு ஒன்றை வைத்து முழங்காலை உயர்த்தி, பையனை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, பிடரியில் கையைக் கொடுத்து முகவாய் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் வருமாறு பிடிக்கச் சொன்னார். கரண்டி மேலிருந்து வராமல் கீழிருந்து வாய்க்கு வர வேண்டும், கஞ்சி இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது, பிள்ளைக்கு அடிக்கடி சளி கட்டுவதற்கு அது பெரிய காரணம் என்று அவர் சொல்ல நான் அம்மாவுக்குச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாடு முடிய வெகுநேரம் பிடித்தது, ஆனால் பையன் இருமியது குறைவு. அப்புறம் அந்த மாணவி கரண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இங்கிருந்த கடைசி நாள் வரை அதைத் தொடவே இல்லை. அம்மா செய்வார், இவர் பார்ப்பார், பிழை விட்டால் சொல்வார். பகலில் ஊட்டுவது அம்மாயி (அம்மாவின் அம்மா) என்று தெரிந்ததும் அம்மாயியையும் கூட்டிவரச் சொன்னார். பையன் இப்போது வார்டுக்குப் போவது நன்றாகக் குறைந்துவிட்டது.

அந்த மாணவி எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். அவர் சொல்லிக்கொடுத்தது அந்தக் காம்பராவில் (வீட்டு அறையில்) மூன்று வேளையும் நடக்கிறது. நான் சொல்ல வருவது முழுக்க இதுதான்: தாயின் கைக்கும் அம்மாயியின் கைக்கும் போய்ச் சேராத வைத்தியம் எங்கள் பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படாது. வருகிறவர்களிடம் அதைத்தான் செய்யச் சொல்லி நாங்கள் வாய்திறந்து கேட்க வேண்டும். நாங்கள் கேட்பதில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே, அவர்களிடம் போய் அதைச் செய்யுங்கள் இதைச் செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்துவிடுகிறோம்.

சும்மா இருந்தால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குழு சில்லு வைத்த வோக்கர் ஒன்றைக் கொண்டுவந்து எட்டு வயதுப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்தது. நல்ல சாமான், விலையும் கூட இருக்கும். எங்கள் நிலையத்தின் சீமெந்துத் தரையில் அவள் அதைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து சுவருக்கு நடந்தாள், எல்லோரும் கைதட்டினோம், அவள் அம்மா அழுதேவிட்டார். ஆனால் அவள் வீடு இருப்பது மேல் லயத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற கட்டடத்தில். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுவதற்குக் கருங்கல் படி, படி முடிகிற இடத்தில் கான் (வடிகால்), கானுக்கு மேல் ஒரு பலகை. மழை பெய்தால் பெரிய ஆட்களே வழுக்கி விழுகிற இடம். காம்பராவுக்குள் கட்டில், அலுமாரி, அடுப்பு எல்லாம் போக மிச்சம் இருக்கிற இடத்தில் அந்த வோக்கர் திரும்பாது. இஸ்தோப்பு (வீட்டு முன் திண்ணை) மூலையில் கிடக்கிறது, பிள்ளை உள்ளே பாயில் இருக்கிறாள். கொடுத்தவர்கள் ஒரு நாள் அந்தப் படியில் ஏறிப் போய்ப் பார்த்திருந்தால், இஸ்தோப்புச் சுவர் நெடுக ஒரு கைபிடிக் கம்பி அடித்துக் கொடுத்திருப்பார்கள். அதைப் பிடித்து அவள் கக்கூஸ் வரைக்கும் நடந்திருப்பாள்.

காலுக்குப் போடுகிற பிளாஸ்டிக் ஸ்ப்லிண்ட் கதையும் அதுதான். அளவெடுத்துச் செய்து கொடுக்கிறார்கள், போடும்போது பாதம் நேராக வருகிறது, சந்தோஷமாக இருக்கிறது. பிள்ளை வளரும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. சில மாதத்தில் அது கணுக்காலைக் கடிக்கிறது, சிவந்து புண்ணாகிறது, தாய் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். அடுத்ததை எங்கே செய்வது, யார் செய்வார்கள், எவ்வளவு செலவு என்று கேட்டால் செய்து கொடுத்தவர்கள் இங்கே இல்லை. சக்கர நாற்காலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், வசதி குறைந்த நாடுகளில் நாற்காலி கொடுப்பதற்கு 8 படிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆளைப் பார்த்து மதிப்பிடுவது, தேர்ந்தெடுப்பது, உடம்புக்குப் பொருத்துவது, ஓட்டவும் பராமரிக்கவும் பழக்குவது, பிறகு திருத்திக் கொடுப்பதும் தொடர்ந்து கவனிப்பதும் எல்லாம் அதற்குள் வருகின்றன. நாங்கள் காண்பது பெரும்பாலும் கையில் கொடுக்கிற அந்த ஒரு படியைத்தான்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. நெதர்லாந்து மாணவர் ஒருவர் வந்த முதல் கிழமையே பிள்ளைகளின் வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். மழையோடு மழையாக லயத்துக்கு ஏறினோம். உட்கார முடியாத ஒரு பெண்பிள்ளை, ஐந்து வயது, விடிந்ததிலிருந்து படுத்தே கிடப்பாள், கூரைத் தகரம்தான் அவளுக்குக் காட்சி. அந்த மாணவர் நாடாவை எடுத்து, பிட்டத்திலிருந்து தோள் வரை எவ்வளவு, பிட்டத்திலிருந்து முழங்காலின் பின்பக்கம் வரை எவ்வளவு, முழங்காலிலிருந்து குதிக்கால் வரை எவ்வளவு என்று அளந்தார். தானே செய்யவில்லை. தோட்டத்து ஆசாரியைக் கூட்டிவரச் சொல்லி, தாளில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு பலகையை மூலைபோலச் சேர்த்து அதற்குள் பிள்ளையை உட்கார வைக்கிற ஆசனம் அது. இரண்டு தோளையும் பலகை கொஞ்சம் முன்னால் தள்ளிக் கொடுப்பதால் உடம்பை விறைத்துப் பின்னால் எறிகிற பிள்ளைக்கு அப்படி எறிவது குறைகிறது. இரண்டு தொடைக்கும் நடுவில் துணி சுற்றிய ஒரு கட்டை, கால் பதிவதற்கு ஒரு பலகை, முன்னால் ஒரு சின்ன மேசை. ஆசாரி அதைப் பழைய பலகையில் ஒன்றரை நாளில் செய்து முடித்தார். ஆசனத்தை வாசலைப் பார்க்கப் போட்டார்கள். கொழுந்துக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள், கோழி, நாய் எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், தெரிந்த ஆள் போனால் சத்தம் போட்டுக் கூப்பிடுவாள். அவள் வளர்ந்ததும் ஆசாரி யாரிடமும் கேட்காமல் அதே மாதிரி அளந்து பெரிதாக இன்னொன்று செய்து கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஒரே பிள்ளையை ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து ஆரம்பிப்பது எனக்கு மிகவும் வேதனையான விஷயம். போன குழு என்ன எழுதி வைத்தது என்று இந்தக் குழுவுக்குத் தெரியாது, அநேகமாக எழுதி வைத்திருக்கவே மாட்டார்கள், எழுதியிருந்தாலும் இங்கிலீஷில் லெப்டொப்போடு போயிருக்கும். மறுபடியும் காலை மடக்கிப் பார்ப்பார்கள், கையை நீட்டிப் பார்ப்பார்கள், கவிழ்த்துப் போட்டுப் பார்ப்பார்கள். அவர்களுடைய நீல டீ-ஷர்ட்டைத் தூரத்தில் கண்டாலே அழ ஆரம்பிக்கிற பிள்ளை எங்களிடம் இருக்கிறது. தாய்க்கு அதைவிட மோசம். பிள்ளை பிறந்த கதையை மறுபடி சொல்ல வேண்டும். எத்தனை மணித்தியாலம் வலி எடுத்தது, லொறியில் ஏற்றிப் போனது, பிள்ளை பிறந்ததும் அழாதது, நீலம் பாரித்துக் கிடந்தது. ஒரு தாய் என்னிடம், "மிஸ், நீங்களே சொல்லிடுங்களேன், உங்களுக்குத்தான் தெரியுமே" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றார். பிறகு புதுக் குழு புதுப் பயிற்சியைக் காட்டும். போன குழு இழுத்து விடச் சொன்னது, இந்தக் குழு இழுக்காதே என்கிறது. எதைச் செய்வது என்று தெரியாமல் தாய் இரண்டையும் விட்டுவிடுகிறார்.

மூளை முடக்குவாதம் என்பது மூளை வளர்கிற காலத்தில் அதற்கு ஏற்பட்ட ஒரு சேதம். பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்சக் காலத்திலோ நடந்துவிடுகிறது, நடந்தது நடந்ததுதான், அந்தச் சேதம் கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளர இறுகிய தசை எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும், மூட்டு மடங்கிப் போகும், இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இடுப்பு விலகுகிறது என்றும், நடக்க முடியாத பிள்ளைகளுக்கு அது இன்னும் அதிகம் என்றும் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வெளியில் ஒன்றும் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். இப்படியான ஒரு பிள்ளைக்கு நாலு கிழமை பிசியோ என்பது காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது போன்ற காரியம் இல்லை. மாணவர் பிள்ளையைத் தொடுவது நாளைக்கு அரை மணித்தியாலம், நன்றாகப் போனால் முக்கால். மிச்ச நேரமெல்லாம் அந்தப் பிள்ளையை யார் தூக்குகிறார்கள், எப்படித் தூக்குகிறார்கள், எப்படிப் படுக்க வைக்கிறார்கள், சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பயிற்சியைத் தனியாகச் செய்ய எங்கள் தாய்மாருக்கு நேரம் கிடையாது. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போக வேண்டும், சொன்ன கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் பேர் (அன்றைய நாட்கூலி) இல்லை, வந்து தண்ணி பிடித்துச் சமைக்க வேண்டும். அதனால் குளிப்பாட்டுகிற நேரம், ஊட்டுகிற நேரம், முதுகில் சுமந்து போகிற நேரம், இவற்றுக்குள்ளேயே பயிற்சியை வைத்துக் கொடுக்கிற மாணவர்தான் எங்களுக்கு வேண்டும்.

வளைபாதத்தோடு பிறக்கிற பிள்ளைகளின் வைத்தியத்தைப் பாருங்கள், நான் சொல்வது இன்னும் நன்றாக விளங்கும். பொன்செட்டி முறையில் கிழமைக்கு ஒரு தடவை மாவுக்கட்டு மாற்றிப் போடுவார்கள், பெரும்பாலும் குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, அதோடு பாதம் நேராகிவிடும். சில கிழமையில் முடிந்துவிடுகிற வேலை. அதன் பிறகு இரண்டு சப்பாத்தையும் ஒரு கம்பியில் பூட்டிய பிரேஸை முதல் 3 மாதம் நாளைக்கு 23 மணித்தியாலம் போட வேண்டும், அப்புறம் 4, 5 வயது வரை இரவில் போட வேண்டும். அதை விட்டால் பாதம் மறுபடி வளைகிறது. இரவில் பிள்ளை அழும்போது கழற்றாமல் இருப்பதற்கு வேண்டிய விளக்கத்தையும் தைரியத்தையும் அந்தத் தாய்க்கு யாராவது கொடுத்திருக்க வேண்டும். தாய்க்கு மட்டும் போதாது, "ஏன்டி புள்ளைய இப்பிடிக் கட்டிப் போட்டு வதைக்கிற" என்று கேட்கிற மாமியாருக்கும் சொல்ல வேண்டும்.

சரி, நாங்கள் என்ன கேட்க வேண்டும்? வருகிறவர்கள் மாணவர்கள், இன்னும் படிப்பு முடியாதவர்கள் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. பிரிட்டனில் பிசியோ பட்டம் எடுக்க 1000 மணித்தியாலம் மேற்பார்வையோடு நோயாளரைப் பார்த்துப் பழக வேண்டும். மேற்பார்வை செய்ய ஆள் இல்லாமல் அங்கே ஒரு மாணவர் நோயாளரைப் பார்ப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கும் அதே முறை இருக்க வேண்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கூட நிற்காமல் எந்த மாணவரும் பிள்ளைகளில் கை வைக்கக்கூடாது என்று நிலையங்கள் எழுத்தில் வைக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிற இயன்மருத்துவருக்கு நேரம் கிடைப்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஆனால் இந்த மாணவர்களில் பலர் அனுப்புகிற நிறுவனத்துக்குப் பணம் கட்டித்தான் வருகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, மாதத்தில் சில நாள் வந்து மேற்பார்வை செய்யும் உள்ளூர் இயன்மருத்துவருக்குப் போகட்டும் என்று அந்த நிறுவனங்களிடம் நிலையங்கள் கேட்கலாம். கேட்டால் தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன், நல்ல மனதோடு வருகிற மாணவர்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம் கொப்பி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி, வீட்டில் தாயிடம் இருக்க வேண்டும், தமிழில் எழுதியிருக்க வேண்டும், வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படமாகக் கீறியிருக்க வேண்டும். வருகிற குழு அந்தக் கொப்பியை முதலில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும், போகும்போது அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். முன்பு வந்தவர் ஒன்றைச் சொல்லியிருக்க, இவர் வேறு சொல்ல நினைத்தால், மேற்பார்வை செய்கிறவரிடம் பேசி முடிவெடுத்த பிறகு தாயிடம் சொல்லட்டும். வந்த கிழமையிலேயே ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தடவை ஏறிப் போகட்டும். கடைசிக் கிழமையில் மாணவர் ஒன்றும் செய்யாமல், தாய் செய்வதைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும். இரண்டு கிழமைக்கு மட்டும் வருகிறவர்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கவே வேண்டாம், எங்களைப் போன்ற நிலையப் பணியாளருக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தால் போதும், அது எங்களுக்குப் பெரிய உதவி.

படம் எடுப்பது பற்றியும் எழுத வேண்டும். தாய் தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் தாய்மார் மிஸ்ஸிடமும் டாக்டரிடமும் தோட்டத்துத் துரையிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள். மேல் சட்டையில்லாமல், எச்சில் வடிய, அழுகிற பிள்ளையின் படம் எங்கோ ஒரு பக்கத்தில் வந்து, அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் போன் பண்ணி விசாரித்து, அந்தத் தாய் ஒரு மாதம் நிலையத்துக்கே வரவில்லை. பத்திரிகை நிருபர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. படம் எடுக்கப் போகும்போது வெளிநாட்டு மாணவரிடம் "இலங்கை எப்படிப் பிடித்திருக்கிறது" என்று கேட்பதோடு நிற்காமல், தாயிடம் "நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள், அவர்கள் போன பிறகு என்ன செய்வீர்கள்" என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

மாணவர்களால் கிடைக்கிற இன்னொரு நல்லது பற்றிச் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. போன ஜென்மத்துப் பாவம், கிரகக் கோளாறு, தாய் செய்த வினை என்று பேசுகிற வாய் நம் லயங்களில் இன்னும் இருக்கிறது. அதனால் பிள்ளையைத் திரைக்குப் பின்னால் வைத்து வளர்க்கிற வீடுகள் இருக்கின்றன. ஒரு மாணவி அப்படியான ஒரு வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையோடு பந்து உருட்டி விளையாடினார். முதலில் அயல் பிள்ளைகள் தூர நின்று பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருத்தராக வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். பந்து அந்தப் பிள்ளையின் கையில் பட்டபோதெல்லாம் எல்லோரும் கத்தினார்கள். அவர் போன பிறகும் பின்னேரங்களில் அந்த விளையாட்டு நடக்கிறது. எங்கள் சொல்லைக் கேட்காதவர்கள் அவர் செய்வதைப் பார்த்தார்கள், அதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் வருகிறவர்கள் மேல் போடுவதும் நியாயமில்லை. தோட்ட நிர்வாகங்கள் ஒரு சின்ன விஷயம் செய்யலாம். கிளினிக் நாளிலும் நிலையத்துக்கு வருகிற நாளிலும் தாய்க்கு அரைப் பேராவது போடுங்கள். ஒரு நாள் பேரையும் இழந்து, லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஆட்டோ பிடித்து, பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்கு வருவது மாதத்துக்கு ஒரு தடவையே பெரிய காரியம். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) இருக்கிற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இதில் முக்கியமானவர்கள், தோட்டத்துக் கைப்பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். 9 மாதமாகியும் பிடிக்காமல் உட்காராத பிள்ளை, 18 மாதமாகியும் நடக்காத பிள்ளை, ஒரு கையை மட்டும் எப்போதும் மூடியே வைத்திருக்கிற பிள்ளை, இவர்களைக் கண்டு உடனே குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) சொல்ல அவர்களால் முடியும். எங்களிடம் பிள்ளைகள் ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் வந்து சேர்கிறார்கள். அதற்குள் மூட்டு இறுகிவிடுகிறது. வருகிற மாணவர்களை ஒரு நாள் பிள்ளைக் காம்பராக்களுக்கு அனுப்பி இதைச் சொல்லிக் கொடுக்க வைத்தால், அவர்கள் பார்க்கவே போகாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அது உதவும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் 1996 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அவர்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016 ஆம் ஆண்டு இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26 ஆவது உறுப்புரை, இப்படியான புனர்வாழ்வுச் சேவைகள் கிராமப்புறங்கள் உட்பட மக்கள் வாழ்கிற இடத்துக்கு முடிந்தவரை கிட்டவே இருக்க வேண்டும் என்கிறது. நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ தோட்டங்களில் இருக்கிற தாய்மாருக்கும் அது சேர வேண்டும். தமிழில் பேசுகிற, லயத்தின் படியைத் தெரிந்த இயன்மருத்துவர்கள் நமக்குள்ளிருந்தே வர வேண்டும். பேராதனையிலும் கொழும்பிலும் பல்கலைக்கழகத்தில் நாலு வருட இயன்மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற நம் பிள்ளைகள் பலருக்கு, டாக்டர் படிப்பு கிடைக்காவிட்டால் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. ஆசிரியர்மார் அதைச் சொல்ல வேண்டும். விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலைகளைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள், அந்தக் குறை எங்கள் நிலையத்துப் பாயில் கிடக்கிற பிள்ளை வரைக்கும் வந்து சேர்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏற்கனவே இயன்மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிற மலையகப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது உங்கள் ஊருக்குக் கிட்ட உள்ள நிலையத்தில் ஒரு சனிக்கிழமை வந்து நில்லுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் இருக்கிற நேரமாக இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கு லயத்தைக் காட்டுங்கள், அவர்களுக்குத் தெரிந்ததை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். மேற்பார்வைக்கு ஓர் இயன்மருத்துவரை நாங்கள் கேட்டு வைக்கிறோம். முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொன்னால் தாய்மாரையும் அம்மாயிமாரையும் வரச் சொல்லி வைப்போம்.

இப்படிக்கு,
பகல்நேர நிலையப் பணியாளர் ஒருவர்,
ஹட்டன்.